இளையராஜா ‘கலந்தார்’ என்பது சரியான சொல்தானா?

தம்பி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படித்துக்கொண்டு, தமிழ்மொழிக் கழகத்தில் பேசுவதற்காக நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி இது: “இளையராஜா கர்நாடக இசையையும் மேல்நாட்டுச் செவ்வியல் இசையையும் சினிமாப் பாட்டில் கலந்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இசை படிக்காத ஒரு கிராமத்துக்காரர் அதை எப்படிச் செய்தார்? அவருடைய வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்ல முடியுமா?” இந்த வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களிலும் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்து, இப்போது பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வியில் இரண்டு சொற்களை முதலில் திருத்தியாக வேண்டும். ஒன்று ‘படிக்காத’ என்பது, மற்றொன்று ‘கலந்தார்’ என்பது. இளையராஜாவைப் பற்றி நம் ஊர்க் கோப்பிக் கடையில் பேசினாலும் மேடையில் பேசினாலும், பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு வந்தார், கடவுள் அருளால் பாட்டுக் கொட்டியது என்பதாகவே கதை போகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆயினும் அது அவர் பட்ட பாட்டை மறைத்துவிடுகிறது. அவர் படித்தவர். பள்ளிக்கூடப் படிப்பைச் சொல்லவில்லை, இசைப் படிப்பைச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதுக்கு மேல், ஒரு குருவின் முன்னால் உட்கார்ந்து, ஐந்து கோட்டில் இசை எழுதக் கற்றவர். அந்தப் படிப்பை விட்டுவிட்டால் அவருடைய இசை எப்படி உண்டானது என்பதை யாராலும் விளக்க முடியாது.

அவர் 1943 ஜூனில், அன்றைய மதுரை மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் ஞானதேசிகன், பள்ளியில் ராசையா. தாயார் சின்னத்தாயம்மாள். வயல் வேலையிலும் வீட்டு வேலையிலும் பெண்கள் பாடிய தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும்தான் அவர் காதில் விழுந்த முதல் இசை. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுகளுக்குப் புதிய சொற்களைப் பொருத்தி, கூட்டத்தைப் பிடித்து நிறுத்தும் வல்லமை அவருக்கு இருந்தது.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம்மைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் நெருக்கமானது. 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. மறு ஆண்டு தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. தேவிகுளம், மூணாறு மலைகளில் இருப்பவை தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். குடியிருந்தது லயத்து வீடுகளில். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராஜன் அந்தத் தோட்டங்களில் பாடினார். ரோசம்மா புன்னூஸ் வென்றார். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான், பதினான்கு வயதளவில், ராசையாவும் அண்ணனுடைய குழுவில் சேர்ந்தார். பிறகு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தென்னகத்து ஊர்களில் மேடை மேடையாக ஆர்மோனியம் வாசித்தார். பகல் முழுவதும் உழைத்துவிட்டு, குளித்து, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தரையில் உட்காரும் கூட்டம் எப்போது தலையசைக்கும், எப்போது எழுந்து போகும் என்பதை அவர் அந்த மேடைகளில் கற்றார். எந்தக் கல்லூரியும் தர முடியாத பாடம் அது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெஞ்சுப் பலகை போட்டு மேடை கட்டி வாசித்திருக்கும் எனக்கு, அவர் பாட்டுகளில் முதல் நான்கு விநாடிகளுக்குள் ஏதாவது ஒன்று நம் காதைப் பிடித்துவிடுவது ஏன் என்பது இந்தச் செய்தியால்தான் விளங்கியது.

1968 வாக்கில் அவரும் சகோதரர்களும் சென்னைக்கு வந்தனர். அங்கே அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தார். மேல்நாட்டு இசையில் ஆழ்ந்த புலமையும், மாணவரைக் கசக்கிப் பிழியும் கண்டிப்பும் உள்ளவராகத் தன்ராஜ் மாஸ்டரைச் சொல்வார்கள், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மானும் அவரிடம் கற்றவர்தான். ஐந்து கோட்டில் இசை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன், ஸ்வரங்களை அடுக்கிச் சேர்க்கும் ஆர்மனி, ஒரு மெட்டோடு இன்னொரு மெட்டைச் சேர்த்து நடத்தும் கவுன்டர்பாயிண்ட் எல்லாம் அங்கே பாடங்கள். பாக், மோட்சார்ட், பீத்தோவன் என்ற பெயர்கள் ராசையாவுக்கு அங்கேதான் அறிமுகமாயின. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வெழுதி, கிளாசிகல் கிட்டாரில் தங்கப் பதக்கமும் பெற்றார். பிறகு டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை பயின்றார். ஆக, நாட்டுப்புற இசை வீட்டிலிருந்து வந்தது. மேல்நாட்டு இசையும் கர்நாடக இசையும் குருவிடமிருந்து வந்தன.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் கிட்டாரும் ஆர்கனும் வாசித்தார். சலீல் சௌத்ரி போன்றோரின் ஒலிப்பதிவுகளில் வாசித்திருக்கிறார். கன்னடத் திரையுலகில் புகழ்பெற்ற ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகி, அவர் தரும் மெட்டுக்கு எந்தக் கருவி எதை வாசிப்பது என்று எழுதிக்கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். அந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை என் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். தானாக எழுதிய சிறு சிறு இசைப் பகுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் இடைவேளை விடும்போது, கோப்பை தேநீரோடு நிற்கும் வயலின்காரர்களிடம் போய், “இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுகிறீர்களா?” என்று கேட்டு வாசிக்கச் செய்வார். தாளில் எழுதியது காதில் எப்படி ஒலிக்கிறது என்று அறிய அவருக்கு வேறு வழியில்லை. இன்று உங்கள் கைப்பேசியில் உள்ள செயலி ஒன்று அதை ஒரு நொடியில் செய்துவிடும். ஆனால் எழுதும்போதே மனத்துக்குள் கேட்கும் பழக்கம் அவருக்கு அந்த இடைவேளைகளில்தான் கைவந்தது என்று நான் நம்புகிறேன். பிற்காலத்தில், மெட்டுக்குரிய முழு வாத்திய அமைப்பையும் ஒரே அமர்வில் எழுதி, படியெடுப்போர் கையில் கொடுத்து, அன்றே ஒலிப்பதிவு செய்துவிடும் வேகம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று வியக்கிறார்களே, அதற்கு இதுதான் விடை.

1976இல் கதாசிரியரும் கவிஞருமான பஞ்சு அருணாசலம் ‘அன்னக்கிளி’ படத்தில் அவரை இசையமைப்பாளராக்கினார். ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருந்ததால், ‘இளைய’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தவரும் அவரே. அண்ணன் பாவலர் வரதராஜன் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். எங்கள் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைப் போட்டபோது நான் சிறுவன். திரையின் பின்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடம்வலம் மாறிப் பார்த்தேன். எஸ். ஜானகியின் குரல் எழுந்தபோது, மறுநாள் விடியலில் ரப்பர்ப் பால்மரம் சீவப் போக வேண்டிய பெண்கள் பேச்சை நிறுத்தியது நினைவிருக்கிறது. தங்கள் பாட்டி பாடியது போன்ற ஒன்றைச் சினிமாவில் கேட்கிறோம் என்ற திகைப்பு அது. ஆனால் அவர்கள் கேட்டது பாட்டியின் பாட்டு மட்டுமன்று. அதன் அடியில் கிட்டாரும் வயலின் கூட்டமும் வேறு எதையோ வாசித்துக்கொண்டிருந்தன. அது எவர் காதையும் உறுத்தவில்லை. அங்கேதான் உங்கள் கேள்வியின் மையம் இருக்கிறது.

ஏன் உறுத்தியிருக்க வேண்டும் என்பதை முதலில் விளக்குகிறேன். நம் இசை ஒற்றை வரியாகச் செல்வது. ஒரு குரல், ஒரு சுருதி, ஒரு தாளம்; அந்த ஒரே வரிக்குள், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தால் ஆயிரம் நுணுக்கம். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். மேல்நாட்டு இசையோ ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவது. மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தினால் அது ஒரு கார்ட். அந்த மூன்றும் அசையாமல் நிற்க வேண்டும். அசையும் ஸ்வரத்தின் கீழே அசையாத கார்டை வைத்தால் இரண்டும் மோதும். பாடகர் சுருதி விலகிவிட்டதுபோல் கேட்கும். இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கும் எவருக்கும் இந்த அனுபவம் உண்டு. பாடகர் ஒரு சங்கதியை, அதாவது ஒரே வரியை மாற்றி அழகுபடுத்திப் பாடுவதை, உருட்டும்போது நாம் கார்டைப் பிடித்தால், அவர் திரும்பி முறைப்பார்.

இதற்கு எளிய தீர்வு, கமகத்தை எல்லாம் இழைத்துவிட்டு மெட்டைத் தட்டையாக்குவது. பலர் அதைத்தான் செய்தார்கள். இளையராஜா செய்தவை வேறு. கார்டு நிற்கக்கூடிய ராகங்களை அவர் தேர்ந்துகொண்டார். கீரவாணி என்பது ஸ்வர அளவில் மேல்நாட்டாரின் ஆர்மானிக் மைனர், நடபைரவி அவர்களுடைய இயல்பான மைனர், சங்கராபரணம் மேஜர். இந்த ராகங்களில் இரு வீட்டாருக்கும் பொதுவான முற்றம் ஒன்று இருக்கிறது. குரல் அசையும் இடத்தில் கார்டை எடுத்துவிட்டு, பேஸ் எனப்படும் அடித்தாழ்ந்த ஒலியை மட்டும் நிறுத்துவார். குரல் ஓயும் இடத்தில் வயலின்களை உள்ளே விடுவார். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பல இடங்களில் அவர் கார்டையே நம்பாமல் கவுன்டர்பாயிண்ட்டை நம்பியது. கார்டு என்பது மெட்டுக்குக் கீழே போட்ட பாய். கவுன்டர்பாயிண்ட் என்பது மெட்டோடு கூடவே நடந்துவரும் இன்னொரு மெட்டு. அந்த இரண்டாவது மெட்டும் அதே ராகத்தின் ஸ்வரங்களால் ஆனதாக இருந்தால், மேல்நாட்டு விதியும் கெடாது, ராகமும் கெடாது. அவர் கண்டுகொண்ட வழி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பாலையும் கோப்பியையும் சேர்ப்பதைத்தான் கலத்தல் என்கிறோம். அதன்பிறகு இரண்டையும் பிரிக்க முடியாது. இவருடைய பாட்டில் ஒவ்வொரு வரியையும் தனியாகப் பிரித்தெடுத்துப் பாடலாம்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1988 என்று நினைக்கிறேன், பட்டணத்து மண்டபத்தில் ஒரு கல்யாணம். முந்தைய ஆண்டு வந்த ‘ராஜ ராஜ சோழன் நான்’ பாட்டை எங்கள் குழு வாசித்தது. கீரவாணியில் அமைந்த, யேசுதாஸ் பாடிய பாட்டு. பாடகர் நன்றாகவே பாடினார், நானும் தவறின்றி வாசித்தேன், தபேலாவும் சரியாகவே போனது. முடிந்ததும், மங்கல வாத்தியம் வாசிக்க வந்திருந்த முதிய நாதஸ்வரக்காரர் என்னை அழைத்து, “பாட்டு இருக்கு தம்பி, நடை இல்லையே” என்றார். எனக்குப் புரியவில்லை. மறுநாள் மாலை, தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டு அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்), நானும் எங்கள் பேஸ் கிட்டார்காரரும் கேசட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் காலையில் ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு வருபவர். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிலிருந்து பால் வாடை போகாது. அதுவரை எல்லாப் பாட்டுக்கும் அவர் ஸா, பா என்று அடிஸ்வரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். பேஸ் என்றால் அவ்வளவுதான் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அன்று நான்கு நான்கு விநாடியாகக் கேசட்டை ஓட்டி, நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓட்டிக் கேட்டோம். பேஸ் தட்டவில்லை, நடந்தது. குரல் ஏறும்போது அது இறங்கியது; குரல் நீட்டி நிற்கும்போது அது ஓடிப்போய் அடுத்த சொல் வருவதற்குள் வாசலில் வந்து நின்றது. கேட்டதை ஸ்வரமாகப் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். முழுவதையும் எழுத நான்கு மாலைகள் ஆயின. ஐந்தாம் நாள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, நான் பாட்டைப் பாட, அவர் பேஸை வாயால் பாடினார். பிறகு அவர் தனியாகப் பாடினார். அது தன்னளவில் முழுமையான ஒரு மெட்டாக இருந்தது. சொற்களைப் போட்டால் இன்னொரு பாட்டாகிவிடும். நாதஸ்வரக்காரர் ‘நடை’ என்றது அதைத்தான்.

கர்நாடக இசைக்கும் நாட்டுப்புற இசைக்கும் இடையே அவர் செய்தது இதைவிட நுட்பமானது. கே. பாலசந்தர் இயக்கி 1985இல் வந்த ‘சிந்து பைரவி’யில், தமிழில் ஏன் பாடுவதில்லை என்று வித்துவானைச் சபையில் கேட்ட பெண், மேடையேறி நாட்டுப்புறப் பாட்டு ஒன்றைப் பாடுகிறாள். அதுதான் சித்ராவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த ‘பாடறியேன் படிப்பறியேன்’. பாட்டு வளர்ந்து வளர்ந்து, முடிவில் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. அந்தக் கீர்த்தனை மரபாகக் காம்போதியில் பாடப்படுவது. இளையராஜா அதைச் சாரமதியில் அமைத்தார். கீர்த்தனையின் ராகத்தை மாற்றலாமா என்று வருந்தியவர்கள் உண்டு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ராகம் மாறியிருக்காவிட்டால் அந்தப் பாட்டு சொல்ல வந்ததைச் சொல்லியிருக்க முடியாது. சாரமதி நடபைரவியின் சேய் ராகம். ஏறும்போது ஏழு ஸ்வரமும் உண்டு. இறங்கும்போது பஞ்சமமும் ரிஷபமும் இல்லை. அந்த இறக்கத்தில் நம் நாட்டுப்புற மெட்டுகளின் மண்வாசனை இயல்பாகவே வந்துவிடுகிறது. தெம்மாங்கு எந்த வாசல் வழியாகச் சபைக்குள் போக முடியும் என்று தேடி, அந்த வாசலைத் திறந்திருக்கிறார். அதே படத்தில் ‘கலைவாணியே’ பாட்டைக் கல்யாணியின் ஆரோகணத்தை (ஏறும் வரிசையை) மட்டும் வைத்து, அவரோகணமே (இறங்கும் வரிசையே) இல்லாமல் அமைத்தார். பாதி ராகத்தைக் கொண்டு முழுப் பாட்டு. கேட்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. படம் அவருக்கு இசைக்கான தேசிய விருதைத் தந்தது.

மேல்நாட்டு இசையோடு உறவு கொண்ட முதல் தமிழர் இவரல்லர் என்பதையும் உங்கள் உரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயப் படையணியின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று அவற்றைச் சொல்வார்கள். பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டுக்கும் அவருடைய பாட்டு ஒன்று உண்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர். சினிமாவில் விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் பியானோவையும் இலத்தீன் அமெரிக்கத் தாளங்களையும் எவ்வளவு அழகாகப் பயன்படுத்தினார்கள் என்பதை உங்கள் தாத்தாவிடம் கேட்டால் பாடியே காட்டுவார். இளையராஜா அந்த வரிசையில் வந்தவர். ஒவ்வொரு கருவிக்கும் தானே எழுதினார் என்பதில்தான் அவர் தனித்து நிற்கிறார்.

1986ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் ‘புன்னகை மன்னன்’ படத்துக்காகக் கணினிவழி ஒலிகளைக் கையாண்டார். அதே ஆண்டில் சினிமாவுக்கு வெளியே ‘ஹவ் டு நேம் இட்?’ என்ற இசைத்தொகுப்பையும் வெளியிட்டார். பாக்குக்கும் தியாகராஜருக்கும் அதைச் சமர்ப்பித்தார். பாக் 1685இல் ஜெர்மனியில் பிறந்து 1750இல் மறைந்தவர்; தியாகராஜர் 1767இல் பிறந்து 1847இல் திருவையாற்றில் மறைந்தவர். ஒருவரையொருவர் அறிய வழியே இல்லாத இருவரைத் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பேசவிட்டால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்கிற இசை அது. தனி வயலினை வி.எஸ். நரசிம்மன் வாசித்தார். ஒரு பகுதியில் பாக்கின் வயலின் இசை ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் நம் பாணியில் கமகத்தோடு ஒரு வயலின் எழுகிறது. எனக்குத் தெரிந்தவரை, அவர் பாடமாகக் கற்ற எல்லாவற்றையும் ஒளிவுமறைவின்றி விரித்துக்காட்டிய இடம் அதுவே. 1988இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. இனிமையானதுதான், ஆயினும் முன்னதன் ஆழம் அதில் இல்லை என்பேன்.

வெகுமக்கள் பாட்டுக்குள் செவ்வியல் எப்படி நுழைகிறது என்பதற்கு இன்னொரு சான்று ‘தளபதி’ (1991) படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. பி.பி.சி. 2002இல் உலகளவில் நடத்திய வாக்கெடுப்பில் நான்காம் இடம் பெற்ற பாட்டு அது. பலருக்கு அதன் துள்ளல் மட்டுமே நினைவில் இருக்கிறது. கோயிலில் நான் ஒரு காலத்தில் தேவார வகுப்பு எடுத்தேன். திருமுறை ஓதும் போட்டிக்காக அப்பர் பெருமானின் ‘குனித்த புருவமும்’ பதிகத்தை ஒருநாள் தொடங்கியதும், இரண்டாம் வரிசையில் இருந்த எட்டு வயதுப் பெண் பிள்ளை கையை உயர்த்தி, “சார், இது எனக்குத் தெரியும்” என்றாள். அவள் வீட்டில் தேவாரம் பாடுபவர் யாருமில்லை. பாடச் சொன்னேன், சினிமா மெட்டில் இரண்டு அடி பாடினாள், சொல் ஒன்றும் பிசகவில்லை. ஏழாம் நூற்றாண்டில் தில்லையை நோக்கிப் பாடப்பட்ட சொற்கள், ஓர் ஆட்டப் பாட்டின் நடுவே கூட்டுக்குரலாக வந்து, பேராக் மாநிலத்தில் ஒரு பிள்ளையின் நாவில் இருந்தன. அன்று வகுப்பில் அந்த மெட்டிலிருந்தே தொடங்கிப் பிறகு தேவாரத்துக்குரிய மரபு இசையான பண்ணுக்குப் போனோம்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு வாசிக்க, ஜான் ஸ்காட் நடத்த, ஒரு சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தார், அது வெளிவரவில்லை. 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு வெளியிட்டார். ஆங்கில வரிகளை அமெரிக்கரான ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். அதைக் கண்ணீரோடு கேட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் கூட்டுக்குரலும் வாத்தியங்களும் பெருகும் சில இடங்களில் மாணிக்கவாசகரின் சொற்கள் மூழ்கிவிடுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திருவாசகத்தில் உருகுவது சொல். சொல் கேட்காவிட்டால் இழப்பு பெரிது. 2025 மார்ச் 8ஆம் நாள், லண்டனில், தம் 81ஆம் வயதில், ‘வேலியன்ட்’ என்ற தம் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மானிக் கான்செர்ட் இசைக்குழுவைக் கொண்டு மேடையேற்றினார். சினிமாவில் இயக்குநர் சொன்ன காட்சிக்குள், நான்கைந்து நிமிடத்துக்குள் அடக்கி எழுதியவர், காட்சியும் சொல்லும் இல்லாமல் நான்கு பகுதிகளாக விரித்து எழுதினார்.

விருதுகளுக்குக் குறைவில்லை. ஐந்து தேசிய விருதுகள், 2010இல் பத்ம பூஷண், 2018இல் பத்ம விபூஷண், 2022இல் இந்திய மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி. படங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். இவ்வளவு எழுதியவரிடம் எல்லாமே ஒரே தரத்தில் இருக்க முடியாது. அவசரத்தில் பிறந்த பாட்டுகளும் பல உண்டு. தம்பி கங்கை அமரனும், பிள்ளைகள் கார்த்திக் ராஜாவும் யுவன் சங்கர் ராஜாவும் இசைத்துறையினரே. ‘பாரதி’ படப் பாட்டுக்குத் தேசிய விருது பெற்ற மகள் பவதாரிணி 2024 ஜனவரியில் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டுதான் லண்டன் சிம்பொனி என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

உங்கள் உரைக்கு முன்னால் மூன்றே மூன்று பாட்டுகளைக் கேளுங்கள். கைப்பேசி ஒலிபெருக்கியில் பேஸ் விழாது, காதொலிப்பானில் கேளுங்கள். முதலில் ‘ராஜ ராஜ சோழன் நான்’. யேசுதாஸின் குரலை மறந்துவிட்டுக் கீழே நடப்பதை மட்டும் பின்தொடருங்கள், மூன்றாம் முறையில் பிடிபடும். அடுத்து ‘கலைவாணியே’, ஸ்வரம் ஏறும்போது விரலை உயர்த்துங்கள், எந்த இடத்திலாவது படிப்படியாக இறங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாகப் ‘பாடறியேன்’. சுருதிப்பெட்டி செயலியைக் கூடவே ஓடவிட்டு, கீர்த்தனை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பாட்டின் முதல் வரிக்குத் திரும்பிப் போய்ப் பாடிப் பாருங்கள். இரண்டும் ஒரே ஸ்வரங்களில் நிற்பது உங்கள் தொண்டைக்கே தெரியும். எழுதிப் பார்க்க ஆசை வந்தால், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோயில் பக்கத்து மண்டபத்தில்தான் வகுப்பு. அந்த நான்கு மாலைகளில் பேஸை எழுதிய நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது; கொண்டுவருகிறேன்.